வேலியும் பயிரும்

அயர்லாந்து நாட்டின் தலைநகராம் டப்ளினிலே, பந்தாட்டப் பித்துக் கொண்ட ஒருவரைச் சந்திப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். சனிக்கிழமையன்று அவர் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து, லிவர்பூலும் மான்செஸ்டரும் மோதும் கால்பந்தாட்டத்தைக் கண்டு களிக்கிறார். ஞாயிற்றுக்கிழமையன்று, தம் மாவட்டத்தின் நிறம் பொறித்த சட்டை அணிந்து, பிள்ளையைத் தோளிலே சுமந்து, குரோக் பார்க் அரங்கம் நோக்கி நடக்கிறார். அங்கே கையாலும் காலாலும் ஆடும் கெய்லிக் கால்பந்தையும், மட்டை கொண்டு ஆடும் ஹர்லிங்கையும் கண்டு தொண்டை வற்றக் கூவுகிறார். "ஐயா, இவற்றிலே எது உமது ஆட்டம்?" என்று கேட்டால், நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். "எல்லாமே என்னுடையவைதான்! அதிலே ஐயமென்ன?" என்பார்.

இன்று இதை அவர் எளிதாகச் சொல்லிவிடுகிறார். 1971-ஆம் ஆண்டுக்கு முன்னரோ, கெய்லிக் விளையாட்டுக் கழகத்தின் உறுப்பினர் அத்தகைய கால்பந்தாட்டத்தை நேரிலே சென்று கண்டு களித்திருந்தால், கழகத்தை விட்டே விலக்கப்பட்டிருப்பார். கால்பந்து, ரக்பி, கிரிக்கெட், ஹாக்கி ஆகியவை "அயல் ஆட்டங்கள்". அவற்றை ஆடுவது குற்றம். ஆடுவது மட்டுமா? ஓரமாக நின்று பார்ப்பதும் குற்றம்! யார் பார்க்கிறார்கள் என்று வேவு பார்க்கவே கண்காணிப்புக் குழுக்கள் இருந்தன.

இது வெறும் விளையாட்டுச் செய்தியன்று. தன் மொழியை, தன் மரபை, தன் மானத்தைக் காக்கப் புறப்பட்ட எந்த இயக்கமும் நின்று நிதானித்து எண்ணிப் பார்க்க வேண்டிய அரசியல் பாடம்.

தடை போட்டவர்கள் பித்தர்களல்லர். அவர்களை எள்ளி நகையாடுவது எளிது, நியாயமாகாது. 1366-ஆம் ஆண்டிலேயே, கில்கென்னி நகரிலே இயற்றிய சட்டத்தின் வாயிலாக, அங்கே குடியேறிய தன் மக்கள் ஹர்லிங் ஆடலாகாது என்று விதித்தது ஆங்கில ஆட்சி. ஆண்டவன் மொழியும் ஆண்டவன் ஆட்டமும் உயர்ந்தவை, அடிமையின் மொழியும் ஆட்டமும் இழிந்தவை என்ற எண்ணம், நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் நெஞ்சிலே ஊட்டப்பட்டது. அந்த நஞ்சை முறிக்கத்தான் 1884-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், தர்லஸ் என்னும் ஊரிலே, ஒரு சிறு விடுதியின் அறையிலே, மைக்கேல் கியூசக் முதலான ஒரு சிலர் கூடிக் கழகத்தைக் கண்டனர். பார்னல் அதன் புரவலரானார். உழவர் தலைவர் டேவிட் புரவலரானார். ஆட்டக் களம், அரசியல் உணர்வின் நாற்றங்காலாயிற்று.

வெள்ளை ஆட்சியும் அதை அறிந்திருந்தது. 1920-ஆம் ஆண்டு நவம்பர் 21. அன்று காலையிலே விடுதலைப் படையினர் ஆங்கில உளவு அதிகாரிகளைச் சுட்டு வீழ்த்தினர். மாலையிலே குரோக் பார்க்கில் டப்ளினும் டிப்பெரரியும் ஆடிக் கொண்டிருந்தபோது, அரசுப் படையினர் நுழைந்து, கூடியிருந்த மக்கள் மீது குண்டு மாரி பொழிந்தனர். பதினான்கு உயிர்கள் பலியாயின. அவர்களிலே மூவர் சிறுவர்கள். ஆட வந்த மைக்கேல் ஹோகன் ஆடுகளத்திலேயே மாண்டார். அரங்கத்தின் ஒரு பகுதி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இத்தகைய மண்ணிலே, "ஆண்டவனின் ஆட்டம் எமக்கு வேண்டா" என்று ஒருவன் சொன்னால், அவன் சினத்தைப் புரிந்துகொள்ள முடியாதவர் யார்?

ஆனால் 1922-இலே ஆட்சி கைமாறியது. அயலான் போனான், வேலி போகவில்லை! அயலானைத் தடுக்கக் கட்டிய வேலி, அயலான் போன பின்னர் யாரைத் தடுத்தது? சொந்தப் பிள்ளைகளைத் தடுத்தது.

டக்ளஸ் ஹைட் என்ற பெருந்தகையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அழிந்துகொண்டிருந்த ஐரிஷ் மொழியை மீட்க, 1893-இலே கெய்லிக் சங்கம் கண்ட முன்னோடி. 1938-இலே அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டு நவம்பரிலே, போலந்து அணியுடன் தம் நாட்டு அணி ஆடிய கால்பந்தாட்டத்திற்கு, நாட்டின் தலைவர் என்ற முறையிலே சென்று அமர்ந்தார். கழகம் என்ன செய்தது? புரவலர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கியது! ஒரு மொழிக்காக வாழ்நாளைத் தந்தவர், ஒரு பந்தைக் கண்ணால் கண்டதற்காகப் பண்பாட்டுப் பகைவரானார்!

கால்பந்து ஆடுபவன் ஆங்கிலேயனின் அடிவருடி என்றார்கள். உண்மையா? ஆஸ்கர் டிரெய்னரைக் கேளுங்கள். பெல்பாஸ்ட் செல்டிக் அணியின் கோல் காவலராக நின்றவர் அவர். அந்தக் கால்பந்து வீரர்தாம் 1916-ஆம் ஆண்டு எழுச்சியிலே துப்பாக்கி ஏந்தினார்; பின்னர் விடுதலைப் போரிலே டப்ளின் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். பிறகு அமைச்சராகவும், கால்பந்துச் சங்கத்தின் தலைவராகவும் விளங்கினார். நாட்டுப் பற்றை நெஞ்சிலே தேடாமல் காலடியிலே கிடக்கும் பந்திலே தேடினால், இத்தகைய வீரனையும் துரோகி என்றுதானே எழுத வேண்டி வரும்?

கான் மார்ட்டின் என்பவர் 1941-இலே டப்ளின் அணிக்காகக் கெய்லிக் கால்பந்து ஆடி, லெய்ன்ஸ்டர் மாநில வெற்றியிலே பங்கு பெற்றார். கால்பந்தும் ஆடினார் என்பதற்காக அவருக்குரிய பதக்கம் மறுக்கப்பட்டது. அதே மார்ட்டின் 1949-ஆம் ஆண்டு செப்டம்பரில், லிவர்பூல் நகரத்துக் குடிசன் பார்க்கிலே, இங்கிலாந்துக்கு எதிராக அயர்லாந்தின் முதல் கோலை அடித்தார். இரண்டுக்குச் சுழியம் என்று அயர்லாந்து வென்றது. ஆண்டவனை அவன் மண்ணிலேயே, அவன் ஆட்டத்திலேயே வென்ற மகனுக்குத் தாய்வீட்டுப் பதக்கம் இல்லை! தடை நீங்கிய பின்னரே அது அவர் கைக்கு வந்தது.

தடையை ஆதரித்தவர்கள் ஒன்று சொன்னார்கள்: "கால்பந்துக்குப் பின்னால் பணம் இருக்கிறது; உலகம் இருக்கிறது. வேலியை எடுத்தால் நம் ஆட்டம் அழியும்." அவர்கள் அச்சம் பொய்யன்று. பெரிய மொழி சிறிய மொழியை விழுங்குவதை நாம் காணவில்லையா? ஆயினும் நடந்தது என்ன?

1971-இலே, பெல்பாஸ்ட் நகரிலே கூடிய மாநாட்டில் தடை நீங்கியது. கெய்லிக் ஆட்டங்கள் அழிந்தனவா? இல்லை. குரோக் பார்க் புதுப்பிக்கப்பட்டு, எண்பத்திரண்டாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கமாக நிமிர்ந்து நிற்கிறது. ஹர்லிங் 2018-இலே யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. இன்னும் வியப்பு, அந்த ஆட்டக்காரர்கள் ஊதியம் பெறுபவரல்லர். ஞாயிறன்று எண்பதாயிரம் பேர் ஆர்ப்பரிக்க ஆடுகிறவர், திங்களன்று ஆசிரியராகப் பள்ளிக்கும், உழவராக வயலுக்கும் போகிறார். எந்தச் சட்டப் பிரிவு அவரை இழுத்து வந்தது? எதுவுமில்லை. ஊர்தோறும் உள்ள கழகமும், சம்பளம் வாங்காமல் பிள்ளைகளைப் பழக்கும் தொண்டரும், "என் ஊர், என் மாவட்டம்" என்ற பாசமுமே இழுத்து வந்தன.

வேலி நீங்கியதால் விளைந்த நன்மையையும் பாருங்கள். கெவின் மோரன் 1976-இலும் 1977-இலும் டப்ளினுக்காகக் கெய்லிக் கால்பந்தில் அயர்லாந்து முழுமைக்குமான வெற்றிக் கோப்பையை வென்றவர். அவரே மான்செஸ்டர் யுனைட்டெடிலும் ஆடினார். 1990 உலகக் கோப்பையிலே காலிறுதி வரை சென்ற அயர்லாந்து அணியிலும் ஆடினார். மார்ட்டினுக்கு மறுக்கப்பட்டது மோரனுக்குக் கிடைத்தது. அந்த அணியைப் பழக்கியவர் யார்? ஜாக் சார்ல்ட்டன் என்ற ஆங்கிலேயர்! 1988-இலே, ஸ்டுட்கார்ட் நகரில் இங்கிலாந்தை வீழ்த்திய கோலை அடித்தவர் யார்? ஸ்காட்லாந்திலே பிறந்த ரே ஹோட்டன்! பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்களின் பிள்ளைகளைத் தாய்நாட்டோடு சேர்த்துக் கட்டிய கயிறு, அயல் ஆட்டம் என்று பழிக்கப்பட்ட அந்தக் கால்பந்துதான்.

2005-இலே இன்னொரு கதவும் திறந்தது. கழகத்தின் மாநாடு, 227-க்கு 97 என்ற வாக்கில், குரோக் பார்க்கிலே பிற ஆட்டங்களுக்கும் இடந்தர வழி செய்தது. 2007 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ரக்பி அணி அங்கே வந்தது. குருதி சிந்திய அதே இடத்திலே இங்கிலாந்தின் அரசிப் பாட்டு ஒலித்தது. என்ன ஆகுமோ என்று நாடே அஞ்சியது. மக்கள் அமைதியாக நின்று கேட்டனர். பிறகு 43-க்கு 13 என்று வென்று காட்டினர்! அது தோல்வியை மறந்த கூட்டமன்று. தன்னம்பிக்கை பெற்ற கூட்டம். ஹோகனை அவர்கள் மறக்கவில்லை. மறக்காமலே மன்னிக்கும் வலிமை பெற்றனர்.

பழைய விதியின் வேர் இன்னும் முற்றாக அறுபடவில்லை. 2018-இலே, இளவயதில் மறைந்த கால்பந்து வீரர் லியம் மில்லரின் குடும்பத்துக்கு நிதி திரட்டும் ஆட்டத்தைக் கார்க் நகரத்துக் கெய்லிக் அரங்கிலே நடத்தக் கேட்டபோது, முதலில் விதி குறுக்கே நின்றது. மக்கள் கொதித்தனர், கழகம் இறங்கி வந்தது, ஆட்டம் நடந்தது. விதிப் புத்தகத்தைவிட மக்கள் நெஞ்சம் விரிந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இன்று கெய்லிக் ஆட்டத்தை அச்சுறுத்துவது கால்பந்தன்று. இளைஞர்கள் வேலை தேடி டப்ளினுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்விட, சிற்றூர்க் கழகங்கள் பதினைந்து பேரைத் திரட்டத் திணறுகின்றன. அதைத் தடுக்க எந்த வேலியால் முடியும்? ஊரிலே தொழில் வேண்டும், வீடு வேண்டும், பள்ளி வேண்டும். அது அரசியலின் வேலை.

இளம்பயிருக்கு வேலி தேவை, மறுப்பாரில்லை. ஆனால் வேலியே பயிரை மேயத் தொடங்கும் நாளை, உழவன் கண்டறிய வேண்டும். நம்முடையதை நேசி என்று சொல்வது இயக்கம். பிறருடையதைப் பார்த்தவனைப் பிடித்து வா என்று சொல்வது காவல் நிலையம். அயர்லாந்து மக்கள் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர நெடுங்காலம் ஆயிற்று. அதற்கு ஹைட்டும் மார்ட்டினும் விலை கொடுத்தனர். மரபைக் காக்க விரும்பும் நாம், அந்த விலையை மீண்டும் கொடுக்க வேண்டியதில்லை. வேலி கட்டும் கைகள் நீர் பாய்ச்சட்டும். பயிர் தானே தழைக்கும்.