அறுபது சதவீதம் எதைக் கண்டுபிடிக்கும்?

2023 கடைசியில் ஏஏஐகிளாஸ் 906 பாதுகாப்பு ஸ்கிரீனர்களுக்கு விளம்பரம் கொடுத்தது. இந்திய விமான நிலைய ஆணையத்தின் சரக்குத் துணை நிறுவனம் அது. மூன்று வருட ஒப்பந்தம். முதல் வருடச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். தகுதி, பட்டப்படிப்பில் 60 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 55.

எக்ஸ்ரே திரையில் உணவு, துணி மாதிரியான கரிமப் பொருள்கள் ஆரஞ்சாகத் தெரியும், கனமான உலோகம் நீலமாக. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் ஆரஞ்சுதான், வெடிமருந்தும் ஆரஞ்சுதான். வடிவம், அடர்த்தி, பக்கத்தில் ஒயர் இருக்கிறதா என்று பார்த்துச் சில நொடிகளில் முடிவெடுக்கணும். கண் சோர்ந்துவிடும் என்பதால் ஐரோப்பாவில் தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் திரையைப் பார்க்க விடுவதில்லை. இந்தத் திறமையை எந்த பி.காம். வினாத்தாள் சோதிக்கிறது?

ராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் போய்ப் பாருங்கள். நூற்றுக்கணக்கான கதிர்களுக்கு நடுவே ராத்திரி ஷிப்டில் நடந்துகொண்டே, அறுந்த ஒற்றை இழையைக் கண்டுபிடித்து ஒட்டுகிறார்கள். அப்படி வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் டிகிரி முடித்த ஒருத்தி 57 சதவீதம் வாங்கியிருந்தால், அவள் கண்ணை யாரும் சோதிக்கப் போவதில்லை. விண்ணப்பத்தோடு கதை முடிந்தது.

"அப்போ படிப்பே வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும். விதிகளைப் படிக்கணும், அறிக்கை எழுதணும். அதற்கு பிளஸ் டூ போதும். இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு 2001-ல் சட்டம் போட்ட அமெரிக்காவே பள்ளிப் படிப்பு அல்லது அதற்கு ஈடான அனுபவம் என்றுதான் கேட்டது. இங்கே பயணிகளைச் சோதிக்கிற சி.ஐ.எஸ்.எஃப்.பில் காவலராகச் சேரப் பத்தாம் வகுப்பு போதும்.

இதில் வேடிக்கை, உண்மையான வடிகட்டி ஏற்கெனவே இருக்கிறது. சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகத்தின் தேர்வில் தேறிச் சான்றிதழ் வாங்காமல் யாரும் ஸ்கிரீனராகத் திரை முன்னால் உட்கார முடியாது. பிறகு எதற்கு இந்த 60? என்னைக் கேட்டால், விண்ணப்பக் குவியலைக் குறைக்க. நிர்வாகத்தின் வசதிக்குப் 'பாதுகாப்புத் தரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

குவியலைக் குறைக்கணுமா? முதல் சுற்றிலேயே கணினியில் ஐம்பது எக்ஸ்ரே படங்களைக் காட்டுங்கள். கத்தியைக் கண்டுபிடிப்பவர் உள்ளே வரட்டும். மதிப்பெண் பட்டியலை அப்புறம் பார்க்கலாம்.