தெரசா விடுதியில் எது பாதுகாக்கப்பட்டது?

பழைய விடுதி ஒன்று அலுவலகக் கட்டடமாக மாறினால் வரலாற்று ஆர்வலர்கள் வருந்துவார்கள். உரிமையாளரோ 'முகப்பைத் தொடவே இல்லையே' என்பார். அந்த வாசல் யாருக்கெல்லாம் மூடியிருந்தது என்பதை இருவருமே பேசுவதில்லை. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இருக்கும் தெரசா விடுதியை வைத்து இதைப் பார்க்கலாம், தோழர்களே.

125ஆம் தெருவில், வெள்ளைச் சுடுமண் பதித்த முகப்போடு நிற்கும் 13 மாடிக் கட்டடம் அது. 1913இல் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில்தான் 22 வயது அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க நியூயார்க் வந்திறங்கினார். பல்கலைக்கழகத்திலிருந்து நடந்தே போகும் தூரம். அன்று அந்த விடுதி வெள்ளையர்களுக்கு மட்டும். ஹார்லெம் கறுப்பின மக்களின் ஊராகவே ஆன பிறகும் இந்த விதி மாறவில்லை; 1940 வரை அவர்கள் அங்கே அறை எடுக்க முடியாது. நம் தெருவிலேயே கல்யாண மண்டபம் கட்டிவிட்டு நமக்கே தர மறுப்பார்களே, அதே கதைதான்.

கதவு திறந்ததும் விடுதியின் முகமே மாறியது. நகர மையத்தின் பெரிய விடுதிகள் கறுப்பினத்தவரைச் சேர்க்காத காலம் என்பதால் ஜோ லூயி, டியூக் எலிங்டன் போன்றவர்கள் இங்கேதான் தங்கினார்கள். 1960 செப்டம்பரில் ஐ.நா. கூட்டத்துக்கு வந்த ஃபிடல் காஸ்ட்ரோ, முதலில் தங்கிய விடுதியோடு தகராறாகி இங்கே வந்து சேர்ந்தார். அவரைப் பார்க்க மால்கம் எக்ஸ் வந்தார், குருஷ்சேவ் வந்தார், நம் நேருவும் வந்தார். 1964இல் மால்கம் எக்ஸ் தொடங்கிய ஆப்பிரிக்க அமெரிக்க ஒற்றுமை அமைப்பின் அலுவலகமும் இங்கேதான் இயங்கியது. ஆக, அலுவலகக் கட்டடமாக மாறுவதற்கு முன்பே அங்கே ஓர் அலுவலகம் இருந்தது. போராடுகிறவர்களின் அலுவலகம்.

பிறகு மற்ற விடுதிகளும் கறுப்பினத்தவருக்குத் திறந்தன. வசதியுள்ளவர்கள் அங்கே போகத் தொடங்கினார்கள். 1967இல் தெரசா மூடப்பட்டது. சில ஆண்டுகளில் 'தெரசா டவர்ஸ்' என்ற அலுவலகக் கட்டடம் ஆனது. சமத்துவப் போராட்டம் வென்றதாலும்தான் அந்த விடுதி நலிந்தது என்பதால், அது மூடப்பட்டதற்காக என்னால் ஒப்பாரி வைக்க முடியவில்லை. மாற்றியதையும் குறை சொல்ல மாட்டேன். காலியாகக் கிடக்கும் கட்டடம் கடைசியில் இடிபடும்.

என் சிக்கல் வேறு. 1993இல் நகர நிர்வாகம் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. நியூயார்க் சட்டப்படி இப்படி அறிவிக்கப்படும் கட்டடத்தின் வெளிப்புறத்துக்குத்தான் காவல். உட்புறத்துக்குத் தனி அறிவிப்பு வேண்டும். சுடுமண் அலங்காரத்தை மாற்ற அனுமதி கேட்க வேண்டும். ஆனால் மால்கம் எக்ஸ் உட்கார்ந்து வேலை பார்த்த இடத்தில் இனி யார் வாடகைக்கு இருக்கலாம், அந்த வாடகையை ஹார்லெம்காரர் கட்ட முடியுமா என்பதில் அந்தச் சட்டத்துக்கு வேலையே இல்லை.

உங்கள் ஊரில் பழைய லாட்ஜோ கிளப்போ அலுவலகமாக மாறும்போது கட்டடத்தின் வயதை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். யாரை உள்ளே விடவில்லை, எந்த ஆண்டிலிருந்து விட்டார்கள், பாத்திரம் கழுவியவர்கள் எந்த வாசல் வழியாக வந்து போனார்கள் என்று அங்கே வேலை பார்த்த பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். தெரசாவுக்கு 1940 என்ற ஆண்டாவது எழுத்தில் இருக்கிறது.