அங்கத்தினருக்கும் அந்த வகுப்பு வேண்டும்

நெய்வேலி நகரியத்தில் அண்மையில் நடைபெற்ற பயிற்சி வகுப்பொன்றில் நாமும் அமர்ந்திருந்தோம். தகவல் அறியும் உரிமைச் சட்டமும், மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கும் விதிகளும் அன்றைய பொருள். வந்திருந்தோர் அனைவரும் மனுவுக்கு விடை எழுத வேண்டிய அலுவலர்கள். மனு எழுத வேண்டிய குறிஞ்சிப்பாடி நெசவாளரோ, சுரங்கத்திற்கு நிலம் கொடுத்த விவசாயியோ ஒருவரும் இல்லை.

சட்டத்தின் நோக்கம் இதுவன்று. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, அலுவலர் பயிற்சிக்கு முன்னதாகவே பொதுமக்களுக்கும், சிறப்பாக நலிந்த மக்களுக்கும், இச்சட்டத்தை விளக்கும் கல்வித் திட்டங்களைக் குறிப்பிடுகிறது. நிதியும் பிற வசதிகளும் இருக்குமளவிற்கு என்ற சொற்களும் அங்கேயே உள்ளன. நடைமுறைக்கு வந்தவை பெரும்பாலும் அச்சொற்களே!

அறியாமையால் விளையும் நட்டம் சிறிதன்று. கணக்கைக் காட்டுமாறு இச்சட்டப்படி சங்கத்திற்கே மனுச் செய்யும் அங்கத்தினரை நாம் கண்டிருக்கிறோம். சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று விடை வரும். அவரும் ஓய்ந்து விடுவார். கேரளத்துத் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, அரசின் உடைமையோ கட்டுப்பாடோ கணிசமான நிதியோ இல்லாத சங்கம் பொது அதிகார அமைப்பு ஆகாது என்பது மெய்யே. ஆயின் அத்தீர்ப்பின் மறுபாதியை அவருக்கு எவரும் கூறுவதில்லை. பதிவாளர் பொது அதிகார அமைப்பே. சங்கத்திடமிருந்து சட்டப்படி அவர் பெறத்தக்க தகவலை அவரிடம் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய். தவணை 30 நாட்கள்.

கூட்டங்களின் நிலையும் இத்தகையதே. பெரிய சுரங்கத் திட்டங்களுக்கான கருத்துக் கேட்புக் கூட்டத்திற்கு 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி 30 நாட்களுக்குக் குறையாத முன்னறிவிப்பு வேண்டும். வரைவு அறிக்கையை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்வையிடலாம். கூட்ட முடிவில், மக்கள் எழுப்பிய பொருள்களை அவர்கள் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். நாமோ பேசி முடித்ததும் பேருந்தைப் பிடிக்க எழுந்து விடுகிறோம்!

பிறர் கூட்டங்களைச் சொல்வானேன்? ஒரு நெசவாளர் சங்கத்தின் மகாசபையில், தேநீர் வருவதற்குள் ஐந்தொகை வாசித்து முடிக்கப்பட்டது. முதிய அங்கத்தினர் ஒருவர் எழுந்து, நூல் இருப்பு இவ்வளவு இருக்கும்போது தறிக்கு ஏன் நூல் வரவில்லை என்று வினவினார். "அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துவிட்டார், உட்காருங்கள் ஐயா" என்றனர். மேடையிலிருந்த நாமும் வாய் திறக்கவில்லை. அடுத்த ஆண்டுத் தணிக்கையில் குறைவு கண்டது அந்நூல் இருப்பிலேதான். அதற்குள் பல தறிகள் நின்று போயின. அன்று இருப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் பழக்கம் நான்கு பேருக்கு இருந்திருந்தால் போதும்.

ஆகவே, மகாசபைக்கு ஒரு வாரம் முன்னர், ஒரு மாலைப்பொழுதில் தறிக்கூடத்திலோ களத்துமேட்டிலோ அங்கத்தினர் கூடட்டும். ஐந்தொகை, தணிக்கை அறிக்கை, இருப்புப் பதிவேடு ஆகியவற்றை விரித்து வைத்து வரிவரியாகப் படிக்கட்டும். எந்த ஏட்டில் எது எழுதப்படும் என்பதை விளக்க, அழைக்கும் சங்கத்திற்கு வர நாம் ஆயத்தமாயிருக்கிறோம். தேநீரைப் படித்து முடித்த பின் வைத்துக் கொள்ளலாம்.