தண்டம் உண்டு, விலை இல்லை!

ஐப்பசி பிறந்தால் வடபுலத்து வயல்களில் தீ. தில்லி மாநகருக்கோ மூச்சுத் திணறல்! உடனே உழவனைக் குற்றக் கூண்டில் ஏற்றுகின்றனர். அவன் விரும்பியா தீ மூட்டுகிறான்?

நிலத்தடி நீரைக் காக்கப் பஞ்சாபும் அரியானாவும் 2009-இல் சட்டம் இயற்றின. நெல் நடவு பிந்திற்று. அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே எஞ்சியவை சில வாரங்களே. அறுவடை இயந்திரமோ தாளை வயலிலேயே விட்டுச் செல்கிறது. அவன் என் செய்வான்?

“வைக்கோல் எரிபொருளாகும்” என்கின்றனர். உண்மை, மறுப்பாரில்லை. 2022 ஆகஸ்டில் பானிப்பட்டில் திறக்கப்பட்ட ஆலை, ஆண்டுக்கு 2 இலட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் வடிக்கும் திறனுடன் அமைக்கப்பட்டது. ஆனால், வைக்கோல் தானே நடந்து ஆலைக்குச் செல்லுமா? வெட்டவேண்டும், உலர்த்தவேண்டும், வாரிக் கட்டாக்கவேண்டும், மழை படாது காக்கவேண்டும். ஆலையிலும் அதை நறுக்கி, மண் நீக்கி, வெப்பத்தாலும் அமிலத்தாலும் லிக்னின் பிணைப்பைத் தளர்த்தினால்தான் நொதிகள் செல்லுலோசைச் சர்க்கரையாக்கும்.

ஆலைக்குள் நடக்கும் ஆயத்தத்துக்கு அரசுப் பணம் கோடி கோடியாய்! வயலில் நடக்கும் ஆயத்தமோ சிறு உழவன் தலையில்! “இயந்திரத்துக்கு மானியம் உண்டே” என்பர். மானியம் போக மீதியை இரண்டு ஏக்கருக்கும் குறைவாய் வைத்திருப்பவன் எங்கே தேடுவான்? அவனுக்கும் 5,000 ரூபாய் தண்டம் என 2024 நவம்பரில் விதித்தார்களே, அதற்குப் பெயர் நீதியா?

தோழர்களே! தண்டத்தால் தீ அணையாது. வைக்கோலுக்குக் கட்டுபடியாகும் விலை, ஊர்தோறும் கூட்டுறவு இயந்திர நிலையம்: இவ்விரண்டையும் கேட்போம். எரிவது வைக்கோல் மட்டுமன்று, உழவனின் வயிறும்!