தாதிக்கு ஒரு தடம், பேத்திக்கு ஒரு தடம்



ஊத்தங்கரைக்கும் செங்கத்துக்கும் இடையே, திருவண்ணாமலை நெடுஞ்சாலையில் அமைந்திருக்கும் ஊர் சிங்காரப்பேட்டை. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் காதில் விழும் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. இம்மாவட்டத்து முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் முதியோர் பேசுவது தக்கனி உருது. ஏட்டு உருதுவிலிருந்து அது சற்று விலகி நிற்கும். தமிழும் தெலுங்கும் அதில் தாராளமாகக் கலந்திருக்கும். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெங்களூருக்கும் பிழைப்புத் தேடிச் சென்ற பிள்ளைகளின் குழந்தைகளோ, தாதி சொல்வதைப் பாதி புரிந்துகொள்கின்றனர். மீதியைப் புன்னகையால் நிரப்புகின்றனர். அந்தப் பேச்சை எழுதி வைத்தவரும் அரிது. பேசுகிறவர் மறைந்தால் அதுவும் அவருடன் போய்விடும்.

ஆகவே, வீட்டிலிருக்கும் கணிப்பொறியைக் கொண்டே அந்தக் குரலை முறையாகப் பதிந்து வைப்பது எப்படி என்பதை இம்மாதம் பார்ப்போம். தாதி தக்கனியில் கதை சொல்கிறார். பேத்தி இடையிடையே கேள்வி கேட்டு, விளங்கியதைத் தமிழில் சொல்லி வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கைப்பேசியை வைத்துப் பதிந்தால் என்ன ஆகும்? பேத்தியின் குரல் ஓங்கி ஒலிக்கும். தாதியின் மெல்லிய குரல் அதனடியில் அமுங்கும். இருவரும் ஒரே நேரத்தில் பேசிய இடங்களைப் பிறகு பிரிப்பது பாலிலிருந்து நீரைப் பிரிப்பது போன்றது. இக்காலத்து மென்பொருள்கள் ஓரளவு பிரித்துத் தருகின்றன என்றாலும், குரலின் இயல்பு சிதைந்துவிடுகிறது. தொடக்கத்திலேயே இரு குரல்களையும் இரு தனித் தடங்களில் ஒரே நேரத்தில் பதிவதே நேரான வழி.

இது புதிய சிந்தனை அன்று. ஒலியை இடம், வலம் என இரண்டாகப் பதியும் ஸ்டீரியோ முறைக்கு ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1931-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அமெரிக்கக் கிதார் கலைஞர் லெஸ் பால் 1948-இல் தம் வாசிப்பின் மீதே தம் வாசிப்பை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, ஒருவரே பலராய் ஒலிக்கச் செய்தார். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தைத் தம் வீட்டு வளாகத்திலேயே அமைத்தார். அவ்வளவு வசதி நமக்குத் தேவையில்லை. தேவை இரண்டே தடங்கள்.

மேசைக் கணிப்பொறியின் பின்புறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என மூன்று துளைகள் இருக்கும். இளஞ்சிவப்பு மைக்குக்கு உரியது. பெரும்பாலானவற்றில் அது ஒரே தடமாகத்தான் பதியும். இரண்டு மைக்குகளைப் பிரிப்பு வயர் ஒன்றில் கோத்து அதில் செருகினால், இரு குரல்களும் உள்ளே ஒன்றாகிவிடும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாந்து போகின்றனர். நீலத் துளையோ இடம், வலம் என இரு தடங்களை ஏற்கும். ஆனால் மைக்கிலிருந்து வரும் மின்சாரம் ஒரு சில மில்லிவோல்ட் அளவே. நீலத் துளை எதிர்பார்ப்பதோ ஏறத்தாழ ஒரு வோல்ட். எனவே இடையில் ஒரு சிறு மிக்சர் வேண்டும்.

மிக்சருக்கு எங்கே போவது? உங்கள் ஊர் மைக்செட்காரரிடம் இருக்கும். நிக்காஹ் வீட்டுக்கும் மேடைக்கும் வாடகைக்கு விடுகிறாரே, அதுவேதான். மைக்குகளும் அவரிடமே கிடைக்கும். ஒவ்வொரு மைக்குக்கும் உரிய வரிசையில் 'பேன்' என்றொரு குமிழ் இருக்கும். தாதியின் மைக்குக்கு அதை முழுவதும் இடப்பக்கமும், பேத்தியின் மைக்குக்கு முழுவதும் வலப்பக்கமும் திருப்புங்கள். மிக்சரின் வெளியீட்டை நீலத் துளையில் செருகுங்கள். அவ்வளவுதான்.

மடிக்கணிப்பொறியில் நீலத் துளை இராது. அதற்கு யு.எஸ்.பி. வழியாக இணையும், இரண்டு மைக் நுழைவுகள் கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டி வேண்டும். கடையில் மலிவாகத் தரும் விரலளவு யு.எஸ்.பி. துண்டுகள் பெரும்பாலும் ஒற்றைத் தடம்தான். கேட்டுத் தெளிந்து வாங்குங்கள்.

இரண்டு யு.எஸ்.பி. மைக்குகளை ஒன்றாகச் செருகினால் ஆகாதா எனச் சிலர் கேட்கலாம். ஒவ்வொரு மைக்குள்ளும் தனிக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளப்பது அதன் வேலை. இரு கடிகாரங்களும் துல்லியமாக ஒத்துப்போவதில்லை. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபட்டாலே, ஒரு மணி நேர முடிவில் 0.18 விநாடி இடைவெளி விழுந்துவிடும்; கேள்விக்கு முன்பே பதில் வருவது போலத் தோன்றும்! மிக்சரிலோ இரட்டை நுழைவுப் பெட்டியிலோ கடிகாரம் ஒன்றே. இந்தத் தொல்லை இல்லை.

பதிவதற்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பெற்று 2000-இல் வெளிவந்தது, விலையில்லை. ஒலி நுழையும் கருவியைத் தேர்ந்து, தடங்கள் இரண்டு, அதாவது ஸ்டீரியோ எனக் குறித்துப் பதியுங்கள். முடிந்ததும் தடத்தின் பெயரருகே உள்ள பட்டியலில் 'ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ' என்பதை அழுத்தினால் இரு குரல்களும் தனித்தனியே நிற்கும். தாதியின் ஒலியை உயர்த்தலாம். பேத்தியின் இருமலை மட்டும் நீக்கலாம்.

மைக் வைக்கும் இடத்தில்தான் பதிவின் தரம் இருக்கிறது. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். இரு மைக்குகளுக்கும் இடையே குறைந்தது மூன்று சாண், அதாவது ஒன்றரை முழம், இடைவெளி இருக்கட்டும். இல்லையேல் ஒருவர் குரல் மற்றவர் மைக்கிலும் பலமாக நுழைந்து, தனித்தனியாகப் பதிந்த பயனே இல்லாமற் போகும். மின்விசிறியை நிறுத்துங்கள். குக்கர் விசில் ஓயட்டும். வெறுஞ்சுவர் அறையில் எதிரொலி கேட்டால் இரண்டு ஜமக்காளங்களைத் தொங்கவிடுங்கள். பாங்கு சொல்லும் நேரத்தைக் கணக்கிட்டு, இரு தொழுகைகளுக்கு இடையே அமருங்கள். அடியில் 'ம்ம்' என்ற இரைச்சல் விடாமல் கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தின் வேலை; மடிக்கணிப்பொறியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். ஒலி அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். தாதி சிரிக்கும்போது அளவு தாண்டினால், அப்படி உடைந்த ஒலியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம்.

இவற்றில் எதுவும் கைக்கு எட்டவில்லையா? இரண்டு கைப்பேசிகள் போதும். ஆளுக்கொன்றாக அருகில் வைத்துப் பதிவைத் தொடங்கி, பலமாக ஒருமுறை கை தட்டுங்கள், முடிக்கும்போதும் தட்டுங்கள். படப்பிடிப்பில் பலகை தட்டுவது இதற்காகத்தான். கணிப்பொறியில் முதல் தட்டலை ஒன்றின் நேரே ஒன்றாக வைத்தால் குரல்கள் பொருந்தும். கடைசித் தட்டல் எவ்வளவு விலகி நிற்கிறதோ அதுவே கடிகாரங்களின் பிசகு. ஒரு தடத்தின் வேகத்தை இம்மி மாற்றிச் சரிசெய்யலாம்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பதிவதற்கு முன் பெரியவரின் சம்மதத்தைப் பெறுங்கள். சொத்துத் தகராறும் பழைய மனத்தாங்கலும் பேச்சில் வந்தே தீரும். தம் குரல் அந்நியர் செவிக்குப் போகக் கூடாது என எண்ணும் மூதாட்டியரும் உண்டு. அக்குரல் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர் கேட்டறியாமல் வாட்ஸ்அப் குழுவில் ஏற்றிவிடுவது முறையாகாது.

இறுதியாகச் சேமிப்பு. மூலப்பதிவை எம்.பி.3 ஆகச் சுருக்காமல், வேவ் வடிவிலேயே வையுங்கள். 16 பிட் தரத்தில் இரு தடங்களும் சேர்ந்து ஒரு மணிக்கு ஏறத்தாழ 635 எம்.பி. பிடிக்கும், 16 ஜி.பி. பென்டிரைவில் 25 மணி நேரம் அடங்கும். ஒரு பிரதி உங்களிடமும், மற்றொன்று வேறூரில் இருக்கும் உடன்பிறந்தாரிடமும் இருக்கட்டும். கோப்பின் பெயரில் பேசியவர் பெயர், தேதி, ஊர் மூன்றையும் எழுதுங்கள். எந்தத் தடம் யாருடையது என்பதைப் பதிவின் தொடக்கத்தில் பேத்தியே வாய்விட்டுச் சொல்லட்டும்.