பூட்டு போட்டா பாதுகாப்பு ஆயிருமா?

எங்க ஊர் மேல்நிலைப் பள்ளியில வேதியியல் லேப்புக்குப் பூட்டு போட்டு ரெண்டு மாசம் ஆகுது. பிளஸ் டூ பையன் ஒருத்தன் கையில ஆசிட் தெறிச்சிருச்சு. சின்னக் காயம்தான், பத்து நாள்ல ஆறிருச்சு. ஆனா அடுத்த கூட்டத்துலயே முடிவு எடுத்துட்டாங்க. இனிமே பசங்க எதையும் தொட வேண்டாம், டீச்சர் முன்னால நின்னு செஞ்சு காட்டுவாங்க, பிராக்டிகல் பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னாடி திறந்தா போதும். "எதுக்குங்க வம்பு, பசங்க பாதுகாப்புதானே முக்கியம்?" கூட்டத்துல முக்கால்வாசிப் பேர் தலையாட்டினாங்க.

என் பொண்ணும் அங்கதான் பதினொண்ணாவது படிக்கிறா. கோயம்புத்தூர்ல இருக்கிற நண்பர்கிட்ட இதைச் சொன்னா, அவரும் "சரியான முடிவுதானே" என்கிறார். இல்லைங்க. தப்பான முடிவு. ஏன்னு சொல்றேன்.

அன்னைக்கு ஆசிட் தெறிச்சதும் கை கழுவ லேப்புக்குள்ள தண்ணி இல்ல. வாஷ் பேசின் இருக்கு, குழாய் இருக்கு, அதுல தண்ணி வந்துதான் வருசக்கணக்காச்சு. பையன் மைதானத்தைத் தாண்டித் தண்ணித் தொட்டிக்கு ஓடியிருக்கான். ஆசிட் பட்டா உடனே ஓடுற தண்ணியில இருபது நிமிசம் கழுவணும். கண்ணுல பட்டிருந்தா இமையைத் திறந்து பிடிச்சுக்கிட்டுக் கழுவணும், கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். மைதானத்தைத் தாண்டுற அந்த நேரத்துல ஒரு கண்ணு போயிருக்கலாம். கூட்டத்துல அந்தக் குழாயைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல. நான் கேட்டதுக்கு "அதுக்கு நிதி வரணுங்க"ன்னு பதில். பூட்டுக்கு நிதி தேவைப்படல.

சரி, லேப்பைப் பூட்டியாச்சு. இந்தப் பசங்க ரசாயனத்தைத் தொடாம இருக்கப் போறாங்களா? நகரத்துல இருந்து வாசிக்கிறவங்களுக்கு இங்க நிலைமை தெரியணும். சொட்டுநீர்க் குழாயில உப்பு அடைச்சுக்கிட்டா ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டுத்தான் கழுவுறோம். கேன்ல இருந்து பக்கெட்டுக்கு ஊத்தறது பெரும்பாலும் வீட்டுல இருக்கிற பிளஸ் டூ பையன்தான். டிராக்டர் பேட்டரிக்குள்ள இருக்கிறது கந்தக அமிலம். பொங்கலுக்குச் சுவத்துக்கு அடிக்கச் சுண்ணாம்புக்கல்லுல தண்ணி ஊத்தினா கொதிச்சுத் தெறிக்கும். சுண்ணாம்பு கண்ணுல பட்டா ஆசிட்டை விட மோசம், உள்ளே இறங்கிக்கிட்டே இருக்கும். ஞாயித்துக்கிழமை ஸ்ப்ரேயரை முதுகுல மாட்டிக்கிட்டு அப்பாகூட மருந்து அடிக்கப் போற பசங்க எங்க தெருவுலயே நாலு பேர். விசத்துக்கு நாம வச்சிருக்கிற பேரே "மருந்து". 2017-ல மகாராஷ்டிராவுல யவத்மால் மாவட்டத்துல பருத்திக்கு மருந்து அடிச்சவங்கள்ல இருபதுக்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க.

இதையெல்லாம் எப்படிக் கையாளணும்னு ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவா? மருந்துக் கடைக்காரர் சொல்ல மாட்டார். அப்பனுக்கே தெரியாது. பக்கத்துல பெரியவங்க ஒருத்தர் நின்னு பார்க்க, கொஞ்சம் கொஞ்சமா, அளந்து தொட்டுப் பழக இருக்கிற ஒரே இடம் பள்ளிக்கூட லேப்தான்.

அங்க கத்துக்கிற ஒவ்வொரு விதியும் தோட்டத்துக்கு வரும். ஆசிட்டைத்தான் தண்ணியில ஊத்தணும், தண்ணியை ஆசிட்ல ஊத்தக்கூடாது. அடர் கந்தக அமிலத்துல தண்ணி ஊத்தினா தண்ணி மேலயே நின்னு கொதிச்சு, ஆசிட்டையும் சேர்த்து முகத்துல அடிக்கும். இதைப் புத்தகத்துல படிச்சு எழுதி மார்க் வாங்கலாம். சோதனைக்குழாய் கையில சுடும்போதுதான் ஆயுசுக்கும் மறக்காது.

உப்புப் பகுப்பாய்வுல அழுகின முட்டை நாத்தத்தோட ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். குழாய்க்கு மேல மூக்கை நீட்டாதே, கையால விசிறி லேசா மோந்து பாருன்னு டீச்சர் சொல்லுவாங்க. செப்டிக் டேங்க்குல ஆளைக் கொல்ற வாயுக்கள்ல முக்கியமானது இதேதான். அளவு கூடினா மூக்கு மரத்துப் போயிரும், நாத்தமே தெரியாது. நாத்தம் நின்னுருச்சுன்னு நம்பி உள்ள இறங்குறவன் திரும்பி வர்றதில்ல. லேப்புல ஒரு தடவை இதைப் புரிஞ்சுக்கிட்ட பையன், நாளைக்கு இறங்கப் போற ஒருத்தரோட கையைப் பிடிச்சு நிறுத்துவான்.

லேபிள் படிக்காம எந்தப் பாட்டிலையும் தொடாதேங்கிறதும் லேப் விதிதான். 2013 ஜூலையில பீகார் சாப்ரா பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைங்க செத்தாங்க. சமையல் எண்ணெயில மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து கலந்திருந்துச்சு. நம்ம வீடுகள்ல பழைய தண்ணி பாட்டில்ல களைக்கொல்லியை ஊத்தி வைக்கிற பழக்கம் இன்னும் போகல. பூச்சிமருந்து டப்பாவுல இருக்கிற சாய்சதுரத்துல சிவப்பு இருந்தா கொடும் விசம், அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், பச்சைன்னு எங்க ஊர்ல எத்தனை பேருக்குத் தெரியும்? நகரத்துக்காரங்களுக்கும் ஒண்ணு. பாத்ரூம் கழுவுற ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒண்ணாக் கொட்டினா குளோரின் வாயு வரும். உங்க வீட்டுல வேலை செய்யுற அம்மாவுக்கு இதை யாராவது சொல்லியிருக்கீங்களா?

கும்பகோணத்துல 2004-ல பள்ளிக்கூடத்துல தீப்பிடிச்சு 94 குழந்தைங்க கருகினாங்க. அதுக்கப்புறம் பள்ளிக்கூடங்களை மூடுங்கன்னு நாம சொல்லல. கூரையைப் பிரிங்க, வழியை அகலமாக்குங்கன்னுதான் கேட்டோம். லேப்புக்கும் அதே நியாயம்தானே வேணும்?

டீச்சர் மேல நான் பழி போடல. நாப்பது பசங்களுக்கு ஒருத்தர். லேப் அசிஸ்டென்ட் இடம் காலி. ஏதாவது ஆச்சுன்னா முதல்ல மாட்டுறது அவங்கதான். அந்தப் பயம் நியாயமானது. அந்தப் பயத்தைப் போக்குற வேலையைப் பண்ணாம, பயத்துக்கே பூட்டு வாங்கிக் குடுத்த பெரியவங்களைத்தான் சொல்றேன்.

கேக்கறது பெரிய விசயம் இல்லைங்க. குழாயில எந்நேரமும் தண்ணி. ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி. மணல் வாளி, தேதி முடியாத தீயணைப்பான். கண் மட்டத்துக்கு மேல ஆசிட் பாட்டில் இல்லாத அலமாரி. வாயால உறிஞ்சாம இருக்க பிப்பெட்டுக்கு ரப்பர் பல்ப். ஒரே நேரத்துல நாப்பது பேரை விடாம ரெண்டு பிரிவா விடுறது. துப்பட்டாவைப் பின் குத்தி, தலைமுடியைக் கட்டி, செருப்புக்குப் பதிலா ஷூ போட்டு வரச் சொல்றதுக்குப் பைசா செலவில்ல.

முன்னாள் மாணவர்கள்னு சொல்லி வெளியூர்ல இருந்து வருசா வருசம் ஏதாவது செய்யுறீங்க, சந்தோசம். போன வருசம் ஸ்மார்ட் போர்டு வந்துச்சு, பேர் பொறிச்ச கல்வெட்டும் வந்துச்சு. இந்த வருசம் ஒரு பிளம்பரை அனுப்புங்க. தண்ணித் தொட்டியில இருந்து லேப் வரைக்கும் பைப் இழுத்துக் குடுத்துட்டு, அடுத்த கூட்டத்துக்கு ஒரு ஆளாவது வந்து, பூட்டைத் திறங்கன்னு என்கூடச் சேர்ந்து கேளுங்க. ஒத்தை ஆளா நான் கேட்டா "இவன் எப்பவும் இப்படித்தான்"னு சொல்லிட்டு அடுத்த விசயத்துக்குப் போயிடுறாங்க.