நம்ம ரூட்டு: உங்க வேலைக்கும் ஒரு நாயன்மார் இருக்கார்!

ஒரகடத்தில் ஒரு ஜெர்மன் கம்பெனியில் கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கும் என் நண்பன், போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். கையால் எழுதிய பழைய ஜெர்மன் புத்தகத்தின் ஒரு பக்கம். ‘புனிதர்களின் கதையாம். நம்மகிட்ட இப்படி ஏதாச்சும் இருக்கா மச்சி?’ என்று கேட்டிருந்தான்.

இருக்கிறது. அதை எழுதியவரின் ஊரைத்தான் அவன் தினமும் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்து போகிறான். குன்றத்தூர்!

முதலில் ஜெர்மன் கதை. 1400-ஐ ஒட்டி நியூரம்பெர்க் நகரில் ‘புனிதர்களின் வாழ்க்கை’ என்ற தொகுப்பு உருவானது. லத்தீன் தெரியாதவர்களும் படிக்கட்டும் என்று ஜெர்மன் மொழியிலேயே எழுதினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் இன்றும் இருக்கின்றன.

அதற்குச் சுமார் 250 ஆண்டுகள் முன்பே, 12-ம் நூற்றாண்டில், சேக்கிழார் 63 நாயன்மார்களின் கதையைத் தமிழில் பாடிவிட்டார். அவர் இரண்டாம் குலோத்துங்க சோழனின் அமைச்சர். நூலுக்கு அவர் வைத்த பெயர் ‘திருத்தொண்டர் புராணம்’. நமக்குப் ‘பெரிய புராணம்’. ஓலைச்சுவடி காலத்துக்கும் தாங்காது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ உட்கார்ந்து புது ஓலையில் எழுதியதால்தான் அது நம் கைக்கு வந்தது. குன்றத்தூரில் சேக்கிழார் கட்டிய நாகேஸ்வரர் கோயிலை இன்றும் பார்க்கலாம்.

நண்பனிடம் இதைச் சொன்னதும், “ராஜா, சாமியார் கதையா இருக்கும். நமக்கென்ன?” என்றான்.

அங்கேதான் விஷயமே! அந்த 63 பேரில் திருநீலகண்டர் பானை செய்பவர். நேசர் நெசவாளர். அதிபத்தர் மீனவர். திருவொற்றியூர்க் கலியர் எண்ணெய் ஆட்டுபவர்; சொத்தெல்லாம் போன பிறகு, பிறர் செக்கில் கூலிக்கு ஓட்டி, அந்தக் காசில் கோயிலுக்கு விளக்கு போட்டவர். நம்ம பக்கத்துத் திருநின்றவூர்ப் பூசலாரிடம் காசே இல்லை. மனசுக்குள்ளேயே கல் கல்லாக அடுக்கிக் கோயில் கட்டினார். காஞ்சியில் நிஜக் கோயில் கட்டிய மன்னரின் கனவில் வந்த சிவன், ‘நாளைக்குப் பூசலார் கோயிலுக்குப் போகணும், உன் குடமுழுக்கைத் தள்ளி வை’ என்று சொல்லிவிட்டாராம்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் காஞ்சிபுரம் திருக்குறிப்புத் தொண்டர். துணி வெளுப்பவர். குளிரில் நடுங்கும் ஏழை அடியார் ஒருவர், போட்டிருக்கும் ஒரே துணியைத் தருகிறார். பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். ‘தர்றேன்’ என்று வாக்குக் கொடுத்துத் துவைக்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது. விடவே இல்லை. இருட்டிவிட்டது. சொன்ன நேரத்துக்குக் கொடுக்க முடியவில்லையே என்று, துணி துவைக்கும் கல்லிலேயே தலையை மோதப் போகிறார். கல்லிலிருந்து ஒரு கை வந்து தடுக்கிறது. துணி கொடுத்த அடியார் சிவனேதான்.

டார்கெட், டெட்லைன் என்று ஓடும் நமக்கு இந்தக் கதை புதுசா என்ன? ஆனால், மழைக்கு அவர் பொறுப்பில்லை என்று அந்தக் கல்லுக்குள் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது. நம்மில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு கை நீள்கிறது?

இதைச் சொல்லி முடித்ததும் நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “கம்பெனியில நான் ஒரு டோக்கன் நம்பர் மச்சி. 900 வருஷம் முன்னாடி துணி துவைச்சவருக்குப் பேரு போட்டுக் கதை எழுதியிருக்காங்க பாரு” என்றான்.

இந்த ஞாயிறு வீக் ஆஃப். ரெண்டு பேரும் குன்றத்தூரில் இறங்கப் போகிறோம்.

உங்க ரூட்டில் எந்த நாயன்மார் ஊர் வருது மக்களே? அடுத்த முறை ஜன்னல் சீட் கிடைத்தால் தூங்காமல் பாருங்க!